கடலில் கொட்டிய எண்ணெயும் கரையில்லாத நாமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"உத்தனப்பள்ளியில் நின்னுக்கிட்டு கடலைப் பத்திப் பேசுறாரே!" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

2017 ஜனவரி 28 விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் கனமான எரிஎண்ணெய் கரையேறியது. அது கடல்நீரோடு கலந்தால் களிமாதிரி இறுகிவிடும். உறிஞ்சும் இயந்திரங்கள் திணறின. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள்! ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது. மூச்சுவிட மேலே வந்தால் எண்ணெய்ப் படலம். பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்கவும் ஜனங்கள் பயந்தார்கள்.

2023 டிசம்பரில் இன்னொரு அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதி எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் இறங்கியது. இதில் கப்பலே கிடையாது, கவனியுங்கள். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. இறகில் எண்ணெய் ஒட்டினால் தண்ணீர் உள்ளே புகும், உடல் சூடு போய்விடும். அலகால் கோதும்போது விஷம் வயிற்றுக்குள் போகும். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்களையும் அதே எண்ணெய் அடைத்துவிடும்.

மனுஷன் கதி? சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிழைக்கிறவர்களுக்குக் கையும் காலுமே முதலீடு. எண்ணெய் ஊறிய வலை மறுபடி உதவாது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்திற்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. வலை வாங்கலாம், இறாலை எந்தக் கடையில் வாங்கி ஆற்றில் விடுவது?

இப்போது காரணத்திற்கு வருகிறேன். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்தவன் நான். இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெய் பீப்பாய், மழைநீர்க் கால்வாய் ஓரமாக நிற்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். நல்ல மழை வந்தால் அது எங்கே போகும்? தென்பெண்ணைக்கு. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியதை நாமே கண்டிருக்கிறோம். அதே ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடலூரில் கடல் சேர்கிறது. நமக்குக் கரை இல்லை, கடல் இருக்கிறது.

தம்பிகளே, தங்கைகளே! உங்களில் பலர் நாளைக்கு இதே தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக நிற்பீர்கள். பீப்பாய்க்குக் கூரையும், எண்ணெய் சிந்தினால் பிடித்துவைக்கச் சுற்றிலும் ஒரு கரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவெண்ணெயை அனுமதி பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மேலதிகாரி முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. அந்தக் கையெழுத்தில் ஒரு வலைக்காரர் வீட்டு உலை இருக்கிறது.