முரசைக் காக்கும் படை



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட முரசு கோயிலிற் கொட்டும் முரசன்று. பல்லைப் பிடித்து நிற்கும் முரசேயாம். பல் துலக்கும்போது அதிற் சிறிது இரத்தம் கசிந்தால் நாம் அதனை நோயென்று கொள்வதில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம்.

மிஷன் கல்லூரியில் நாம் கற்ற நாளில், ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோட்டையை வரைவார். கோட்டை நம் உடல். வெளியே நிற்கும் பகைவர் பற்றீரியாக்கள். மதில்மேல் நிற்கும் வீரர் வெண்குருதிக் கலங்கள். வீரர் வென்றாற் சுகம், தோற்றால் நோய். பல்வைத்தியம் பயிலப் புகுந்த பின்னர் அச்சித்திரத்தை நாம் திருத்த வேண்டியதாயிற்று.

1965 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலே ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞரும் அவர்தம் துணைவரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். சுகதேகிகளான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். அவருட் பெரும்பாலோர் நம்மைப் போன்ற மாணவர்கள்! (வகுப்பில் அருகே இருந்தவர்களின் பாடு எப்படியோ!) 10 நாள் முதல் 21 நாளுக்குள் எல்லோருடைய முரசும் அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் மாறிவிட்டது.

உள்ளே நடப்பது என்ன? பல்லுக்கும் முரசுக்குமிடையே நுண்ணிய பள்ளமொன்றுண்டு. பல்லிற் படியும் படலத்திற் பற்றீரியாக்கள் குடியேறியதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன; நியூத்திரோபில் எனப்படும் வெண்கலங்கள் அப்பள்ளத்தில் வந்து மதிலாய் நிற்கின்றன. முரசு சிவப்பதும் வீங்குவதும் இப்படையின் வருகையாலேயே. பகைவர் அகலாதவிடத்துப் படையும் அகலுவதில்லை. அது சொரியும் நொதியங்கள் பல்லைத் தாங்கும் நார்களையும் அரிக்கின்றன. அது விடுக்கும் இரசாயனச் செய்திகள் என்பைக் கரைக்குங் கலங்களைத் தட்டியெழுப்ப, வேரைப் பிடித்திருக்கும் தாடையென்பு கரைகிறது. கள்ளனைத் துரத்திய காவற்காரன் வீட்டு வேலியைப் பிடுங்கிய கதைதான்.

அப்படியானால் இந்தப் படையே வேண்டாமென்பதா? நியூத்திரோபில் மிகக் குறைவாய்ப் பிறக்குங் குழந்தைகளுக்குப் பாற்பற்களே காலத்துக்கு முன் ஆடி விழுவதுண்டு. எச்.ஐ.வி. கிருமியால் நிர்ப்பீடனம் குன்றியவர் வாயிற் பங்கசு வெண்படலமாய்ப் படருகிறது. படை இல்லாவிடினுங் கேடு, மிஞ்சினாலுங் கேடு.

இதற்குச் சிறந்த சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 1970 இல் லோ குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பரிசோதித்தனர். 14 வயது முதல் 31 வயது வரையான ஆண்கள், திடகாத்திரமானவர்கள், பல்வைத்தியத்தையே கண்டறியாதவர்கள். எல்லோர் பல்லிலும் அழுக்கு ஏராளம்; எல்லோர் முரசிலும் அழற்சி. சூத்தைப்பல்லோ இல்லையென்றே சொல்லலாம். 1985 வரை அவர்களைப் பல முறை பார்த்தனர். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெதுவாய் வளர்ந்தது. 11 பேருக்கு முரசழற்சிக்கு அப்பாற் போகவேயில்லை! 35 வயதில் முதல் வகுப்பார் பல்லின் பிடிமானம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் இழந்திருந்தது. கடைசி வகுப்பாருக்கு 1 மில்லிமீற்றரும் இல்லை.

அழுக்கு ஒன்றாயிருக்க, முடிவு மூன்றானது ஏன்? பற்றீரியாவை மாத்திரம் குற்றஞ்சாட்டி இதற்கு விடை கூற முடியாது. அவரவர் உடற்படை போரிடும் முறையிலுள்ள வேற்றுமை இதிற் பெரும்பங்கு கொள்கிறது. அவ்வேற்றுமையிற் பரம்பரைக்கும் பங்குண்டு. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் அப்படையின் ஒழுங்கைக் குலைக்கின்றன. ஆதலால் முரசு நோயாளரிடம் இவ்விரண்டையும் விசாரியாது விடுவது அரைவைத்தியமென்பது நம் கருத்து.

இன்னுமொன்று சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை. உலகெங்கும் பல்வைத்திய மாணவர் அந்த 8, 81, 11 என்ற எண்களை மனனஞ் செய்கின்றனர், நாமுஞ் செய்தோம். மலைநாட்டு லயன்களில் ஒரு பல்வைத்தியராவது இருந்திருந்தால் அவ்வெண்கள் கிடைத்திரா. 2010 இல் மீண்டுந் தேடிச் சென்றபோது, 480 பேரில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது.