விழித்திருக்கும்போதே கண்ணில் அறுவையா?



கண்புரை முற்றிப் பார்வை மங்கிய பிறகும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் முதியவர்கள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார்கள். வயது, செலவு என்று காரணம் சொன்னாலும் மனத்துக்குள் இருப்பது வேறு. "முழு மயக்கம் கொடுக்க மாட்டார்களாம். கத்தி கண்ணுக்கு நேரே வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டுமாம்" என்ற பயம்தான் அது. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பயத்துக்கு விளக்கம் தர வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பயம் முற்றிலும் நியாயமானது. உதவியாளர் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அவசர அவசரமாகக் கண்ணை அறுத்த காலம் அது. 1846இல் ஈதர் மயக்கம் வந்தும் கண்ணுக்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. மயக்கம் தெளியும்போது வரும் வாந்தி, தையல் போடாத காயத்தைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

அந்த நிலையை 1884இல் மாற்றியவர் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோல்லர். அப்போது அவருக்கு வயது 26. கொக்கேய்ன் பட்டால் நாக்கு மரத்துப்போகும் என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. கண்ணும் மரத்துப்போகுமா என்று சோதித்துப் பார்த்தவர் அவர். முதலில் தவளையின் கண்ணில் அதன் கரைசலை விட்டார். பிறகு தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் விழியைத் தொட்டார். வலி தெரியவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் தேதி ஹைடல்பெர்க் கண் மருத்துவ மாநாட்டில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. அங்கே போய்வரப் பணமில்லாததால், கோல்லரின் கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். கொக்கேய்னின் தீமைகள் தெரிந்த பிறகு அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்தன. இன்று பரவலாகப் பயன்படும் லிக்னோகேய்ன் 1943இல் சுவீடனில் உருவானது.

இப்போது பெரும்பாலான கண்புரை அறுவைகளுக்குச் சொட்டு மருந்தோ, கண்ணைச் சுற்றிச் செலுத்தும் ஊசி மருந்தோ போதும். குழந்தைகளுக்கும், அசையாமல் படுக்க இயலாதவர்களுக்கும் முழு மயக்கம் தேவைப்படலாம். சொட்டு மருந்தில் வலி அடங்கும். ஆனால் கண் அசையும், பார்வையும் இருக்கும். இமையைச் சிறு கருவி திறந்து பிடித்திருப்பதால், கண் சிமிட்டிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். குளிர்ந்த நீர் ஓடுவது போலவும், லேசாக அழுத்துவது போலவும் தோன்றும். இயந்திரத்தின் ரீங்காரம் கேட்கும். முகத்தின் மேல் துணி போர்த்தியிருந்தாலும் மூச்சுவிட வழி செய்திருப்பார்கள்.

அப்படியானால் கத்தி தெரியுமா? கண்ணுக்கு மிக அருகில் வரும் பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. நுண்ணோக்கியின் ஒளியும் கூசும். சிங்கப்பூர்க் கண் மருத்துவர்கள் இதை நோயாளிகளிடமே கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஒளி, பல வண்ணங்கள், அசைவுகள் ஆகியவற்றைப் பலர் கண்டதாகச் சொன்னார்கள். கருவியையோ மருத்துவரின் விரல்களையோ கண்டவர்களும் உண்டு. சிலருக்கு அது அழகாக இருந்தது. சிலருக்குத் திகிலாக இருந்தது. திகில் ஏற்பட்டால் நோயாளி அசையக்கூடும். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

இதற்கான மருந்து எளிமையானது. என்ன தெரியும் என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொன்னால் பயம் குறைகிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வண்ணங்கள் தெரிவது இயல்பு என்று அறிந்தவர், "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று பதற மாட்டார்.

குடும்பத்தார் செய்ய வேண்டியதும் உண்டு. இருமல், மல்லாந்து படுப்பதில் சிரமம், மூடிய இடத்தில் மூச்சுமுட்டும் பயம், காது மந்தம் ஆகியவற்றை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு, "விளக்கைப் பாருங்கள்", "அசையாதீர்கள்" என்பவற்றை மருத்துவர் எந்த மொழியில் சொல்லப்போகிறார் என்று கேட்டுவைக்க வேண்டும். அந்த இரண்டு ஆங்கில வாக்கியங்களை வீட்டிலேயே பழக்கிவிடலாம். இருமல் வந்தால் திடீரென்று எழாமல் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. தாதியின் கையைப் பிடித்திருக்க அனுமதித்தால், ஓர் அழுத்தமே "சற்று நிறுத்துங்கள்" என்பதற்கு அடையாளமாகும். அதையும் முன்பே பேசிக்கொள்ளலாம்.

கண்ணின் வலியை அடக்க மருந்து இருக்கிறது. பாட்டியின் பயத்தைத் தணிக்க, அறுவைக்கு முந்தின நாள் யாராவது அருகில் அமர்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும்.