கருப்பை யார் கணக்கில்?

(காரைக்கால் தலத்தெருவில் நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்கள்தொகை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதாக ஐ.நா. அறிவித்தது. அடுத்த ஆண்டே இந்தியா சீனாவை முந்தியது. இதை மட்டும் கேட்டால் பூமி வெடித்துவிடும் போலத் தோன்றும். ஆனால் 1960களில் உலகில் ஒரு பெண் சராசரியாக ஐந்து குழந்தைகள் பெற்றார். இன்று அது இரண்டேகால் அளவுக்கு வந்துவிட்டது. 2080களின் நடுவில் ஏறக்குறைய 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு மக்கள்தொகை இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

நம் நாட்டில்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியச் சராசரி 2.0. தமிழ்நாடு 1.8. நாம் நிற்கிற இந்தப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி 1.5. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கீழே நாம் எப்போதோ வந்துவிட்டோம்.

எண் மாறியதும் பேச்சும் மாறிவிட்டது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவரில் எழுதிய அரசியல், இப்போது பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாகப்பட்டினத்தில், 2025 மார்ச்சில் ஒரு திருமண விழாவில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களைக் கேட்டுக்கொண்டார் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதையே சொல்கிறார். ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் மூன்று குழந்தை வேண்டும் என்கிறார்.

இவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. தொகுதி மறுவரையறை பற்றிய தென்மாநிலங்களின் அச்சம் நியாயமானது. 1976இல் 42ஆவது திருத்தம் தொகுதிக் கணக்கை நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026 வரை நீட்டித்தது. குடும்பநலத்தில் முன்னேறிய மாநிலம் அதற்காகவே நாடாளுமன்றத்தில் இடம் இழப்பது அநீதி. அந்த அநீதியை நாடாளுமன்றத்தில், நீதிமன்றத்தில், தெருவில் எதிர்ப்போம். ஆனால் அதற்கான ஆயுதம் பெண்ணின் கருப்பை அல்ல. டெல்லியோடு நடக்கிற சண்டைக்குப் பிரசவ அறையிலிருந்து ஆள் எடுக்க முடியாது.

தோழர்களே, காரைக்காலில் நின்று இதைப் பேசும்போது ஒரு தீவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் போனார்கள். இந்த மண்ணில் நிலம் இல்லாதவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அதில் ஏராளம்.

முதல் உலகப் போரில் லட்சக்கணக்கில் ஆட்களை இழந்த பிரான்ஸ், 1920இல் கருத்தடைப் பிரச்சாரத்தையே குற்றமாக்கியது. நாட்டுக்குப் பிள்ளைகள் வேண்டுமாம். கருத்தடைக்கு அங்கே சட்ட அனுமதி கிடைத்தது 1967இல். கருக்கலைப்புக்கு 1975இல். ஆனால் அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த ரீயூனியன் தீவில், 1970இல் ஒரு கொடுமை வெளியே வந்தது. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமல், சில சமயம் அவர்களுக்கே தெரியாமல், கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் செய்திருந்தார்கள். அவர்களில் கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள். இந்திய வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள்.

ஒரே அரசு, ஒரே காலம். வெள்ளைக்காரப் பெண் கருவைக் கலைத்தால் குற்றவாளி. தீவில் இருக்கிற கறுத்த பெண் கருவைச் சுமந்தால் சுமை. யார் பெருக வேண்டும், யார் குறைய வேண்டும் என்பதை இனம் தீர்மானித்தது. நம் ஊரில் அந்த வேலையைச் சாதி செய்கிறது.

இதை அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே சொல்லிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையின் மையம் அகமணமுறை. சாதி உயிரோடு இருக்க வேண்டுமானால் பெண் யாரோடு சேர்கிறாள், யாருக்குப் பிள்ளை பெறுகிறாள் என்பதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அதற்கான ஏற்பாடுகள் என்று காட்டினார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாக அவர் தயாரித்த உரையை, அவர் வர முடியாததால் தோழர் ரோஹம் படித்தார். பிரசவ வேதனையை ஆண்கள் அனுபவிக்க நேர்ந்தால் ஒருவனும் ஒரு பிள்ளைக்கு மேல் பெறச் சம்மதிக்க மாட்டான் என்ற கருத்து அந்த உரையில் இருக்கிறது. சட்டமன்றம் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை.

தந்தை பெரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். வறுமை ஒழியும், நாடு முன்னேறும் என்று சொல்லிக் கருத்தடையை ஆதரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். எங்கள் காரணம் அதுவல்ல, பெண்ணின் விடுதலை என்றார் பெரியார். இந்த வேறுபாடு மிக முக்கியம். நாட்டுக்காகக் கருத்தடை என்றால், நாளைக்கு அதே நாட்டுக்காகப் பிள்ளை பெறு என்று சொல்லலாம். பெண்ணுக்காகக் கருத்தடை என்றால் அப்படி மாற்ற முடியாது.

மாற்றியவர்களை நாம் பார்த்துவிட்டோம். நெருக்கடி நிலையில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள், ஏழைகள். அதற்குத் தேர்தலில் அடி விழுந்தது. அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையல்ல, ஆணைத் தொடக்கூடாது என்பதைத்தான் கற்றுக்கொண்டார்கள். கத்தி முழுக்கப் பெண் பக்கம் திரும்பியது. 2019-21 ஆய்வில், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம். ஆண்கள் 0.3 சதவீதம்.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு முகாமில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

என் அம்மா நடவு வேலைக்குப் போனவர். மூன்றாவது பிரசவம் முடிந்த மறுநாளே ஆபரேஷன். “உன்னைக் கேட்டாங்களாம்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “கையெழுத்து வாங்குனாங்க” என்றார். கேட்பதும் கையெழுத்து வாங்குவதும் ஒன்றல்ல. “அப்பா ஏன் பண்ணிக்கல?” என்றேன். “மூட்டை தூக்குற உடம்பு, வீணாப்போயிடும்னாங்க” என்றார். பத்து நாள் கழித்து அம்மா சேற்றில் குனிந்தார். அது உடம்பில்லையா, தோழர்களே?

ஆணுக்குச் செய்கிற தழும்பில்லா அறுவை சில நிமிட வேலை. வயிற்றைத் திறப்பதில்லை. உழைக்கும் பலமும் போகாது, ஆசையும் போகாது. இது தெரிந்தும் படித்த தோழர்கள்கூட மனைவியைத்தான் அனுப்புகிறார்கள். மேடையில் பெரியார், வீட்டில் மனு.

இப்போது பிள்ளை பெறச் சொல்கிறார்களே, அவர்களிடம் சில கேள்விகள். 2018-20இல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. 54க்கும் 19க்கும் நடுவில் இருக்கிறவர்கள் காப்பாற்றியிருக்கக்கூடிய பெண்கள். அவர்கள் எந்தத் தெருப் பெண்கள்? தலித் பெண் சராசரியாக உயர்சாதிப் பெண்ணைவிட 14.6 ஆண்டு முன்னதாகவே இறக்கிறாள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. முதலில் அந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்.

ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2025இல் 14 நாடுகளில் எடுத்த கணக்கைப் பாருங்கள். விரும்பிய அளவு பிள்ளை பெற முடியாததற்குப் பணமில்லை என்பதைக் காரணமாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். மூன்றில் ஒருவர் விரும்பாத கர்ப்பத்தைச் சந்தித்திருக்கிறார். வேண்டியவருக்கும் கிடைக்கவில்லை, வேண்டாதவருக்கும் வழியில்லை. தென்கொரியாவில் ஊக்கத்தொகையை வாரிக் கொடுத்தும் 2023இல் சராசரி 0.72க்கு இறங்கிவிட்டது. வேலையும் வீடும் சமத்துவமும் தராமல் பிள்ளையை மட்டும் கேட்டால் பெண்கள் தருவதில்லை.

இங்கே வந்திருக்கிற தங்கைகளுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் கருக்கலைப்பு 1971 முதல் சட்டப்படியானது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பில் உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாராவது “புருஷன் எங்கே?” என்று கேட்டால், சட்டம் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

தம்பிகளுக்கும் ஒன்று. சாதி மறுத்து மணம் முடிப்பது பாதி வேலை. பெறுவதா, எப்போது, எத்தனை என்று அவள் சொல்வதைக் கேட்பதுதான் மீதி.

குறை என்று ஆணையிட்டாலும் பெருக்கு என்று ஆணையிட்டாலும் நம் பதில் ஒன்றுதான். அது அவள் உடம்பு, கணக்கும் அவளுடையது.

ஜெய்பீம். வாழ்க பெரியார்.