ஐம்பது காசும் நாற்பது காசும்

1920களின் இறுதியில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் அரசு வகுத்த நாள்கூலி பல இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன பெண்ணின் உழைப்புக்குப் பத்துக் காசு குறைத்தே விலை வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும், பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய ஆசிரியைக்கும் அதே கணக்குதான் இருந்தது. ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். திருமணம் ஆகிவிட்டால் நிரந்தரப் பணியும் கேள்விக்குறியானது. இந்தக் கணக்கை எதிர்த்தவர்களில் முன்நின்றவர் ஆசிரியை ராசம்மா பூபாலன். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 'தியாகம்' என்ற சொல்லைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அந்தச் சொல் அவருக்குப் போதாது என்பது என் கருத்து. குடும்பத்தையும் பொதுத்தொண்டையும் அவர் சுமந்தார் என்று மட்டும் சொன்னால், அந்தச் சுமையின் காரணத்தை ஆராய்ந்து அறிந்த அவருடைய படிப்பு மறைந்துவிடுகிறது.

1927இல் ஈப்போவில் பிறந்தவர் அவர். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது பள்ளிப் படிப்பு நின்றது. 1943இல் அக்காள் பொன்னம்மாவுடன், நேதாஜி அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது வயது பதினாறு. மருத்துவரான கேப்டன் லட்சுமியின் தலைமையில் இயங்கிய அந்தப் படையில் படித்த வீட்டுப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஒரே முகாமில் பயிற்சி பெற்றார்கள். பர்மா வரை போய்த் திரும்பியவர் விட்ட இடத்திலிருந்து மீண்டும் படித்தார். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றது 1955இல், இருபத்தெட்டாம் வயதில். பிறகு ஆசிரியப் பணி. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் உருவாக முன்நின்று அதன் தலைவரானார். சம ஊதியம் வேண்டும் என்று மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. சம்பள விதிகளைப் படிக்க வேண்டும், பிற நாடுகளின் நிலை தெரிந்திருக்க வேண்டும், அமைச்சகத்துக்கு எழுதும் மனு ஒவ்வொரு வரியிலும் நிற்க வேண்டும். அது கற்றவர் செய்யும் வேலை. 1960களின் இறுதியில் அரசுப் பணியில் சம ஊதியக் கொள்கை நடப்புக்கு வந்ததில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், நகரத்தவர். கெடாத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பெண்ணுக்கும் அவருக்கும் என்ன ஒட்டு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்துப் பெண்ணுக்கு வாய்க்காத வகுப்பறை அவருக்கு வாய்த்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தொண்டு என்பது படித்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த பொருள் அன்று. கெடாவின் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946, 47இல் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளர்களே கட்டிய இயக்கம். போலீசின் துப்பாக்கியையும் சிறையையும் சந்தித்தார்கள். ராசம்மாவின் சங்கத்தையும் ஹார்வர்ட்டின் படையையும் நான் ஒரே வரிசையில் வைக்கிறேன். இரண்டிலும் தங்கள் நிலைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த பிறகே ஆட்கள் கூடினார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. இன்று கெடாவின் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்க்கும் பெண்ணிடம் 'நீங்களும் படியுங்கள், தொண்டும் செய்யுங்கள்' என்று சொல்வது மேலும் ஒரு பாரம் ஏற்றுவதல்லவா? ஆமாம், அவரை மட்டும் பார்த்துச் சொன்னால் பாரம்தான். அதனால்தான் சம ஊதியப் போராட்டத்தை ராசம்மாவின் தொண்டுகளில் முதலாவதாக வைக்கிறேன். திருமணமான பெண் வேலையையும் குடும்பத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியிராதபடி விதியையே மாற்றக் கேட்டது அது. நேரமும் காசும் கையில் மிஞ்சினால்தான் மாலை வகுப்புக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் போக முடியும்.

பின்னாளில் ராசம்மாவின் மனம் போனது பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகளிடம். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு இளம்பெண்கள் கிறிஸ்தவச் சங்கமான ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் தொழிற்பயிற்சி நிலையத்துக்காக உழைத்தார். அங்கே கற்பித்த தையலும் கேக் செய்வதும் பெண்ணை மறுபடி அடுக்களைக்கே அனுப்பும் கல்வி என்று குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் பாதி எனக்கும் உடன்பாடு. கணினியும் கணக்குப்பதிவும் அதே பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் தேர்வில் தோற்று, பதினேழு வயதில் இனி எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு தொழிலில் கை தேர்ந்து முதல் சம்பளம் வாங்குவது அடுக்களைக்குத் திரும்பும் வழி அன்று. இடையில் படிப்பு அறுந்து, மறுபடி தொடங்கியவர் அதை அறிந்திருந்தார்.