தண்ணீர் விலையை யார் தீர்மானிக்க வேண்டும்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



நம்ம குழுவில் உள்கடனுக்கு என்ன வட்டி என்பதை ஊக்குநர் மட்டும் முடிவு செய்ய முடியுமா? முடியாது. கூட்டத்தில் பேசணும், தீர்மானப் புத்தகத்தில் எழுதணும், எல்லோரும் கையெழுத்துப் போடணும். இரண்டு ரூபாய் வட்டியை ஒன்றரை ரூபாய் ஆக்குவதற்குக்கூட கூட்டம் வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீருக்கு விலை வைப்பது யார் என்று எப்போதாவது கேட்டிருக்கோமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 லிட்டர் கேன் ஒன்று 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று கேன் என்றால் மாதத்துக்கு சுமார் 13 கேன், 390 ரூபாய். நம்மில் பலருடைய மாதச் சேமிப்பை விட இது அதிகம். லிட்டருக்கு ஒன்றரை ரூபாய், ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய். திருப்பூரில் தனியார் பங்கோடு நடந்த குடிநீர்த் திட்டத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்ற அளவில்தான் விலை தொடங்கியது. கேன் தண்ணீர் சுத்திகரித்து வீட்டுக்கே வருகிறது, இரண்டும் ஒன்றல்ல, சரிதான். ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் நியாயமா என்று கேட்க நமக்கு ஒரு இடம் வேண்டாமா?

இப்போது எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது? கேன் தண்ணீர் தரமாக இருக்கிறதா என்று உணவுப் பாதுகாப்புத் துறை பார்க்கும். அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். ஆனால் அந்த விலையை அச்சடிப்பதே கம்பெனிதான். அது நியாயமான விலையா என்று யாரும் கேட்பதில்லை. தனியார் லாரித் தண்ணீருக்கும் இதே கதைதான்.

கேன் தண்ணீரிலாவது ஒரு கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை இருக்கும். குழாய்த் தண்ணீர் அப்படியில்லை. ஒரு ஊருக்கு ஒரு குழாய்தான். அதைத் தனியார் நடத்தினால், விலை பிடிக்கவில்லை என்று வேறு குழாய்க்குப் போக முடியாது. அதனால்தான் விலையைப் பார்க்க மேலே ஒருவர் கட்டாயம் வேண்டும்.

திருப்பூர் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இதற்கான நிறுவனம் 1995-ல் தொடங்கப்பட்டது. தமிழக அரசுக்கும் அதில் பங்கு உண்டு. பவானி பக்கமிருந்து தண்ணீர் எடுத்து, தினமும் 18 கோடியே 50 லட்சம் லிட்டர் கொண்டு வரும் திட்டம். தொழிற்சாலைக்குக் கூடுதல் விலை, வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலை. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் 2011-ல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் குறைந்தார்கள், நிறுவனத்தின் வருமானமும் அடிபட்டது. இப்படி ஒரு நிலை வந்தால் அந்தச் சுமை யார் தலையில் விழும்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்குள்ளேயே இதைப் பேசி முடித்துக்கொள்ளலாமா, குடம் தூக்குகிற பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்கணுமா?

சரி, யார்தான் விலையைப் பார்ப்பது?

ஊராட்சியா? நம்ம கஷ்டம் ஊராட்சிக்குத் தெரியும். ஆனால் பெரிய கம்பெனியின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. ஒப்பந்தம் போட்ட துறையா? ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருப்பவரே நடுவராகவும் இருக்கக்கூடாது. பந்தயத்தில் ஓடுகிறவர் விசில் ஊதலாமா?

மின்சாரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1999-லிருந்து மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் மின்வாரியம் அங்கே மனுப் போட வேண்டும், மக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டார்கள். செப்டம்பரில் கட்டணம் ஏறியது. ஆணையம் இருந்தால் விலை ஏறவே ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏன் ஏறுகிறது என்று காகிதத்தில் காட்டியாக வேண்டும். குறை என்னவென்றால், மூன்று ஊரும் பெருநகரம். நம்ம கிராமத்துப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போக முடியுமா?

மகாராஷ்டிராவில் தண்ணீருக்கென்றே 2005-ல் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். அது தீர்மானிப்பது மொத்தமாக வழங்கும் தண்ணீரின் விலையை, வீட்டுக் குழாயின் கட்டணத்தை அல்ல.

இங்கிலாந்தில் 1989-ல் தண்ணீர் முழுக்கத் தனியாரிடம் போனது. விலையைப் பார்க்க ஓர் அமைப்பு, ஆற்று மாசைப் பார்க்க வேறு அமைப்பு, குடிநீர்த் தரத்துக்கு இன்னொன்று. கம்பெனிகள் கடனில் மூழ்கின, ஆறுகளில் கழிவுநீர் கலந்தது. 2025 ஜூலையில் விலை பார்க்கும் அமைப்பைக் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டு வரப்போவதாக அந்த அரசு அறிவித்தது. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. விலையைப் பார்க்கிறவர் தரத்தையும் ஆற்றையும் சேர்த்தே பார்க்கணும்.

என் கருத்து இதுதான். தண்ணீரை விற்காத, ஒப்பந்தத்தில் பங்கில்லாத ஒரு தனி ஆணையம் மாநிலத்தில் வேண்டும். விலையும் தரமும் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும். விலை ஏற்றும் முன்பு ஒன்றிய அளவில் விசாரணை நடத்த வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தை அது கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் திறமை ஆணையத்துக்கு, நம்ம நிலைமையைச் சொல்லும் உரிமை நமக்கு.

ஆணையம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊராட்சி இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் வைக்கவோ, குழாய் நடத்தவோ தனியார் வந்தால், கையெழுத்து ஆகும் முன்பு கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. விலை எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு? யாரைக் கேட்டு ஏற்றுவார்கள்?

2. பணம் கட்ட முடியாத வீட்டுக்குத் தண்ணீர் நிற்குமா? பொதுக்குழாய் இருக்குமா?

3. ஆழ்துளைக் கிணறு வற்றினாலோ, தண்ணீர் கெட்டாலோ யார் பொறுப்பு?

பதிலைத் தலைவரோ தனி அலுவலரோ வாயால் சொன்னால் போதாது, தீர்மானத்தில் எழுத வைக்கணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை உண்டு. மார்ச் 22 உலக தண்ணீர் தினம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருத்தி கேட்டால் உட்காரச் சொல்வார்கள். பத்துக் குழு சேர்ந்து எழுந்து நின்றால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்வியையும் வாசித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.