சொல்லப் பயப்படாத பிள்ளை

(மீள்குடியேறிய கிராமமொன்றின் ஆரம்பப் பாடசாலையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத் திட்டம், உலர் உணவு, கிணறு துப்புரவாக்குதல் என்று பல கூட்டங்களுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். இன்று கொடுப்பதற்குப் பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. தரம் 1 முதல் தரம் 5 வரை படிக்கும் உங்கள் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடக்கிறார்கள், அவர்களிடம் நல்ல பழக்கங்களை எப்படி வளர்ப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மீள்குடியேறிய இடங்களில் ஆசிரியர்கள் சொல்லும் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரேமாதிரி இருக்கின்றன. பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கிறார்கள் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறிக்கிறார்கள். வரிசையில் நிற்கச் சொன்னால் தள்ளுகிறார்கள். தகரக் கதவு காற்றுக்கு அடித்தால் மேசைக்குக் கீழே போய்விடுகிறார்கள். சிலர் நாள் முழுக்க வாயே திறப்பதில்லை. இதைப் பெற்றோரிடம் சொன்னால் வரும் பதிலும் நாம் எல்லோரும் கேட்டதுதான்: "நல்லா அடியுங்கோ ரீச்சர், கண் இரண்டையும் மட்டும் விட்டுவிடுங்கோ."

அடிப்பதற்கு முதல் ஒரு விடயத்தை யோசித்துப் பார்ப்போம். இந்தப் பிள்ளைகள் இவற்றை எங்கே பழகினார்கள்?

முகாமில் தண்ணீர் பவுசர் வந்தபோது தள்ளிக்கொண்டு முன்னால் போன பிள்ளையின் வாளிதான் நிரம்பியது. ஒதுங்கி நின்ற பிள்ளை வெறும் வாளியோடு திரும்பியது. பிஸ்கட் பைக்கற்றைப் பாயின் கீழ் ஒளித்து வைத்த பிள்ளைக்கு இரவு பசித்தபோது சாப்பிட ஏதோ இருந்தது. சத்தம் கேட்டவுடன் பதுங்குகுழிக்குள் பாய்ந்த பிள்ளை இன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடங்களில் அவை பிள்ளையைக் காப்பாற்றிய பழக்கங்கள். இடம் மாறிவிட்டது, பழக்கம் இன்னும் மாறவில்லை. தறப்பாள் கொட்டிலைத் தவிர வேறு வகுப்பறையைக் காணாத 6 வயதுப் பிள்ளைக்கு, கதிரையில் அரை மணி நேரம் இருப்பது என்பதே புதிய வேலை. எழுத்தைப் பழக்குவதுபோல நல்ல நடத்தையையும் பழக்கத்தான் வேண்டும். "ஆனா" எழுத வராத பிள்ளைக்குக் கைபிடித்து எழுதிக் காட்டுகிறோம். வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கும் அதே பொறுமை தேவை.

தடியைப் பற்றி நேராகவே பேசுவோம். எங்கள் நாட்டில் பாடசாலையில் பிள்ளைக்கு உடல்ரீதியான தண்டனை கொடுக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் அறிவித்திருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமும், பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. "நாங்களும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அடிவாங்கிய நாட்களில் நாங்கள் எதைப் படித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். உடைந்த சிலேற்றை ஒளிக்கப் படித்தோம். "நானில்லை, அவன்தான்" என்று சொல்லப் படித்தோம். அடி பிள்ளையை உடனே அடக்கும், அதில் சந்தேகமில்லை. கூடவே மறைக்கவும் பழக்கும்.

வேறு இடத்தில் ஒரு பிள்ளை எதையாவது மறைத்தால் ஒரு சிலேற்றோடு போய்விடும். எங்கள் ஊர்களில் அப்படியல்ல. ஆட்டைத் தேடியோ, விளாம்பழம் பொறுக்கவோ பற்றைக்குள் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைத் தாண்டிப் போய்விட்டது. மண்ணுக்குள் பாதி புதைந்த ஓர் இரும்புப் பொருளைக் கண்டுவிட்டது. வீட்டில் சொன்னால், "அங்கே ஏன் போனாய்?" என்று அடி விழும் என்று அதற்குத் தெரியும். ஆகவே சொல்லாது. அடுத்த நாள் தன் கூட்டாளியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டும். அந்தக் கூட்டாளி உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

அதனால்தான், இந்த மண்ணில் "நல்ல பிள்ளை" யார் என்று கேட்டால், சத்தம் போடாமல் கைகட்டி இருக்கும் பிள்ளையை மட்டும் நான் சொல்லமாட்டேன். பிழை நடந்தாலும் பெரியவரிடம் வந்து சொல்லும் பிள்ளைதான் நல்ல பிள்ளை. அப்படி ஒரு பிள்ளை வகுப்பறையில்தான் உருவாக வேண்டும். பென்சில் பறித்ததைச் சொல்லப் பயப்படாத பிள்ளைதான் மிதிவெடியைக் கண்டதையும் சொல்லும்.

இனி, தடியில்லாமல் வகுப்பை எப்படி நடத்துவது என்று பார்ப்போம். இவற்றில் எதற்கும் காசு தேவையில்லை.

முதலாவது, விதிகள் குறைவாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு 4 போதும். "செய்யாதே" என்பதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் பிள்ளைக்கு ஓடுவதுதான் காதில் விழும். "வகுப்புக்குள் நடந்து போவோம்" என்று சொல்லுங்கள். "கேட்டு வாங்குவோம்", "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்", "பிழை நடந்தால் ரீச்சரிடம் சொல்வோம்." விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்தே தீர்மானியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வரிசையில் நிற்பதை, கை கழுவுவதை, கொப்பி அடுக்குவதை முதல் இரண்டு கிழமைகள் விளையாட்டுப்போல ஒத்திகை பாருங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு. காலையில் வணக்கம், பிறகு பாட்டு, பிறகு பாடம், பிறகு இடைவேளை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் பல மாதங்கள் வாழ்ந்த பிள்ளைகள் இவர்கள். இன்று நடந்ததே நாளையும் நடக்கும் என்று கண்டுகொண்டால் அவர்களின் மனம் அமைதியடையும். அமைதிப்படுத்த மேசையில் தடியால் அடிக்காதீர்கள், சத்தமாக விசில் ஊதாதீர்கள். திடீர்ச் சத்தம் இவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். ஆசிரியர் மெல்ல 3 முறை கைதட்ட, பிள்ளைகள் திருப்பி 3 முறை கைதட்டட்டும். சில நாட்களில் வகுப்பு தானாக அடங்கப் பழகிவிடும்.

மூன்றாவது, நல்லதைக் கண்டால் உடனே சொல்லுங்கள். பெயர் சொல்லி, செய்த காரியத்தையும் சொல்லுங்கள். "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னால் எதற்காக என்று பிள்ளைக்கு விளங்காது. "நீ இன்று அழிறப்பரைப் பறிக்காமல் கேட்டு வாங்கினாய், அது நல்லது" என்று சொன்னால் நாளையும் கேட்டு வாங்கும். குழப்படிப் பிள்ளையின் பெயர் நாள் முழுக்க வகுப்பில் கேட்கும். அது எப்போதும் ஏச்சாகவே கேட்டால், கவனத்தைப் பெற அதுதான் வழி என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அதே பிள்ளை ஐந்து நிமிடம் ஒழுங்காக இருக்கும் நேரத்தைப் பார்த்திருந்து அப்போது பாராட்டுங்கள்.

நான்காவது, பொறுப்புக் கொடுங்கள். கரும்பலகை துடைக்க, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, மதிய உணவுக்குத் தட்டு அடுக்க, கொப்பி சேர்க்க. முறைவைத்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். படிப்பு விடுபட்டதால் 10 வயதில் தரம் 3இல் இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறோமே என்ற வெட்கம்தான் அவர்களில் சிலரைக் குழப்படியாக்குகிறது. அவர்களை "உதவி ஆசிரியர்" ஆக்கிப் பாருங்கள்.

ஐந்தாவது, பரிசைக் கவனமாகக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் டொபி கொடுத்தால் மற்ற 30 பிள்ளைகளும் அந்த டொபியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரு போத்தலில் புளியங்கொட்டை போடுங்கள். யார் நல்ல காரியம் செய்தாலும் ஒரு கொட்டை. போத்தல் நிரம்பினால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லோரும் கிளித்தட்டு விளையாடலாம், அல்லது ஒரு கதை கேட்கலாம். போட்ட கொட்டையைத் திருப்பி எடுக்காதீர்கள்.

பிழை செய்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செய்ததைத் திருத்த வையுங்கள். தண்ணீரைக் கொட்டினால் துடைக்கட்டும், கொப்பியைக் கிழித்தால் ஒட்டிக் கொடுக்கட்டும். கோபத்தில் இருக்கும் பிள்ளையை ஆசிரியரின் கண்பார்வையில் ஒரு பாயில் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள். எந்தப் பிழைக்கும் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். பசி என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

பெற்றோரே, வகுப்பில் பழக்குவது வீட்டில் அழிந்துபோகக்கூடாது. "சேரிட்டைச் சொல்லிக்குடுப்பன்" என்று ஆசிரியரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். "பிடிச்சுக்கொண்டு போவாங்கள்" என்று ஒருபோதும் வெருட்டாதீர்கள். அது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் கதையில்லை. தகப்பனை இழந்த, தகப்பன் எங்கேயென்று தெரியாத பிள்ளையிடம், "அப்பா இருந்தால் இப்படிச் செய்வாயா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை ஏற்கனவே தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. மாலையில் விளக்கு ஏற்றியபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, "இன்று என்ன நல்ல காரியம் செய்தாய்?" என்று கேளுங்கள். பிறகு, "ஏதாவது பிழைச்சுப் போச்சா?" என்றும் கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில பிள்ளைகள் மாறாமல் இருக்கலாம். பல கிழமைகளாகப் பேசாமல் இருப்பது, இரவில் அலறி எழும்புவது, பழகிய பிள்ளை திரும்பவும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தன்னையே அடித்துக்கொள்வது, இவை குழப்படி இல்லை. வகுப்பாசிரியரிடமும் வைத்தியசாலையிலும் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசிச் சேவை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். நீங்களும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பஸ்சுக்குக் காத்து நிற்கிறீர்கள், நித்திரையில்லாத இரவுகள் உங்களுக்கும் உண்டு. கோபம் வரும்போது வாசலில் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கடைசியாக, பிள்ளைகளுக்கு மிதிவெடி பற்றிச் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் போய்ச் சொல். முதல் இரண்டும் பிள்ளையின் வேலை. மூன்றாவது பாதிதான் பிள்ளையின் வேலை, மற்றப் பாதி நம்முடையது. பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து, போகக்கூடாத இடத்துக்குப் போனதைச் சொல்லும்போது, நம்முடைய வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "ஏன் போனாய்?" என்பதாக இருக்கக்கூடாது. "வந்து சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். பிறகு அந்த இடத்தைக் கேட்டறிந்து, நீங்களும் அங்கே போகாமல், கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

"வந்து சொன்னது நல்லது" என்ற அந்த வார்த்தையை இன்று மாலையே ஒரு சின்ன விடயத்துக்குச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.