முந்துவது கையா, கருத்தா?

இக்கருத்தரங்கின் தொடக்க அமர்வுக்குத் தலைமை ஏற்கும்படி பணித்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. இந்த இருக்கைக்கு என்னிலும் தகுதி வாய்ந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதனால் பெருமிதத்தோடு கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது. ‘வயதுவந்தோர் கல்வியிலும் ஆசிரியர் பணித்திறன் மேம்பாட்டிலும் உருமாற்றக் கற்றல்’ என்று அழைப்பிதழ் சொல்கிறது. இவ்வளவு அகன்ற பொருளை ஒரு தலைமை உரையில் அளந்துவிட முடியாது. அளக்க வேண்டிய தேவையும் இல்லை. உருமாற்றக் கற்றலுக்கு மெசிரோ வகுத்த பத்துக் கட்டங்கள், வங்கிமுறைக் கல்வியைச் சாடிய பாவ்லோ ஃப்ரெய்ரே, யுங்கின் உளவியல் வழியே இக்கோட்பாட்டை வேறு திசைக்கு இழுத்த ராபர்ட் பாய்ட், பின்வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து மதிப்பிட்ட எட்வர்ட் டெய்லர் எல்லாம் நீங்கள் அறிந்தவை. நாளை மாலை வரை வாசிக்கப்படும் கட்டுரைகளும் அவற்றைத் தொடத்தான் போகின்றன. ஆகவே எனக்கு அளித்த நேரத்தை ஒரே கேள்விக்குச் செலவிட உங்கள் அனுமதியைக் கோருகிறேன். வளர்ந்த ஒரு மனிதர் மாறும்போது முதலில் மாறுவது அவருடைய கருத்தா, அவருடைய செயலா?

நம் துறையின் பாடநூல் விடை கருத்து என்பதுதான். ஜாக் மெசிரோ 1978இல் வெளியிட்ட ஆய்வு, நெடிய இடைவெளிக்குப் பின் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்குப் படிக்கத் திரும்பிய பெண்களைப் பற்றியது. வாழ்க்கையில் நிலைகுலைக்கும் ஓர் இக்கட்டு நேர்கிறது. அதைத் தொடர்ந்து தன்னாய்வு. பிறகு, தாம் கேள்வியின்றி ஏற்றிருந்த நம்பிக்கைகளை உரசிப் பார்த்தல். இப்படி ஏறிச் செல்லும் அந்த வரிசையில் புதிய பங்கை ஏற்று நடந்து பார்ப்பது எட்டாவது கட்டத்தில்தான் வருகிறது. கட்டங்கள் இதே ஒழுங்கில் வரவேண்டியதில்லை என்று பின்வந்தவர்கள் சொன்னார்கள். ஆனாலும் சிந்தனை முன்னே, செயல் பின்னே என்ற எண்ணம் நம் பாடத்திட்டங்களில் அப்படியே நிலைத்துவிட்டது. நாம் பெரும்பாலும் அவருடைய 1991ஆம் ஆண்டு நூலிலிருந்தே மேற்கோள் காட்டுகிறோம். 1978ஆம் ஆண்டு ஆய்வு யாருடைய வாழ்க்கையிலிருந்து எழுந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அது கல்லூரி வாசலை ஏற்கெனவே மிதித்துவிட்ட பெண்களின் வாழ்க்கை. கணவனை இழந்தவர்கள், மணமுறிவு கண்டவர்கள், பிள்ளைகள் வளர்ந்து போனபின் வெறுமையில் நின்றவர்கள் அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இக்கட்டு எல்லோருக்கும் வந்தது. விண்ணப்பம் எழுதி, வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் சிலரே. ஆய்வு அந்தச் சிலரைத்தான் கண்டது. அப்படியானால் அதன் சான்றுகளில் முதலில் நிற்பது சிந்தனை அன்று. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே எடுத்து வைத்த அடி. கோட்பாட்டின் வரிசை அந்த அடியைக் கணக்கில் வைக்காமல் எட்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

இங்கே கலைச்சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘உருமாற்றக் கற்றல்’ என்பதை ஆக்கியவர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தும், பல ஆண்டுகளாக எழுதி வந்ததை இந்த அவையிலும் சொல்கிறேன்: அந்தச் சொல் நம்மை வழிதவறச் செய்கிறது. உருமாற்றம் என்றதும் புழு கூட்டுக்குள் அடங்கி வண்ணத்துப்பூச்சியாவதுதான் நினைவுக்கு வருகிறது. அது தனிமையில், மூடிய கூட்டுக்குள், எந்தச் செயலும் இன்றி நடப்பது. நான் ‘நிலைமாற்றக் கற்றல்’ என்று எழுதுகிறேன். தமிழில் நிலை என்பது நிற்கும் இடத்தையும் குறிக்கும், சமூகத்தில் ஒருவர் வகிக்கும் தகுதியையும் குறிக்கும். நின்ற இடம் மாறினால் கண்ணுக்குத் தெரிவதும் மாறும். உருமாற்றம் என்ற சொல்லுக்குள் இந்தப் பொருளைக் கொண்டுவர இயலாது.

செயல் முந்துகிறது என்பதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வயதுவந்தோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டபோதே, எழுத்தறிவோடு தொழில்திறனும் விழிப்புணர்வும் அதன் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. மெசிரோவின் ஆய்வு வெளிவந்த அதே ஆண்டு அது. ஆனால் என் வாதத்துக்கு வேண்டியது அந்த அறிவிப்பன்று. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து அதைப் பற்றி எழுதிய நூல் 1996இல் வந்தது. நிலைமாற்றக் கற்றலைப் பற்றிய நம் கட்டுரைகளில் அந்நூலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. அந்த இயக்கத்தினூடே பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருப்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். அம்மாவட்டக் கிராமப்புறப் பெண்களில், பத்து வயதுக்குக் குறைந்த சிறுமியரை நீக்கிக் கணக்கிட்டால், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்கிறார் அவர். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் போக, ஆண்கள் ஓட்டும் வண்டிகளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

அந்தக் குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். சேலை கட்டிய பெண் ஏறக் கூடாது என்றே செய்ததுபோல் இருப்பது அது. சைக்கிள் பழகுகிறவருக்கு அந்த நேரத்தில் தன்னாய்வு எதுவும் நடப்பதில்லை. பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். எப்போது விட்டாள் என்பது தெரியாமலே வண்டி நேராகப் போகிறது. அதற்கு அடுத்த வாரம், பேருந்துக்காகவோ, கொண்டுபோய் விட ஓர் ஆணுக்காகவோ காத்திராமல் சந்தைக்குப் போய்த் திரும்ப முடிகிறது. இத்தனை நாள் ஏன் காத்திருந்தோம் என்ற கேள்வி அப்போதுதான் எழ இடம் பிறக்கிறது. காத்திராமல் போய்வந்த பிறகே காத்திருந்தது ஒரு விஷயமாகக் கண்ணில் படும். மனம் முன்பே மாறியிராவிட்டால் அவள் வண்டியில் ஏறியிருப்பாளா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். தொடக்கத்தில் கேலியும் கொச்சைப் பேச்சும் எழுந்ததைச் சாய்நாத்தே பதிவு செய்திருக்கிறார். அறிவொளி இயக்கம்தான் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதற்கு ஊர் ஒப்புதலைத் தேடித் தந்தது. பழைய நம்பிக்கையை ஒவ்வொருத்தியும் தனித்தனியே ஆராய்ந்து கைவிட்டுவிட்டு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக ஏற முடிந்ததே போதுமானதாக இருந்தது. தகாத காரியம் என்ற எண்ணம் மனத்தின் ஒரு மூலையில் கிடக்கும்போதே கால் மிதிக்கத் தொடங்கிவிடலாம்.

அறிவொளி தோற்றுவிட்டது என்று எழுதிய பெரியவர்களுக்கும் இங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கையெழுத்துப் பழகியவர்கள் சில ஆண்டுகளில் கைநாட்டுக்கே திரும்பினார்கள் என்பது அவர்கள் வாதம். எழுத்து மறந்துபோவது உண்மை. புழக்கம் இல்லாத எழுத்து யாருக்கும் தங்காது. அந்த அளவுகோலை நான் மறுக்கவில்லை. அது எதை அளக்கிறது என்பதைத்தான் கேட்கிறேன். நினைவில் தங்கிய எழுத்துகளை எண்ணும் சோதனையில் சைக்கிள் ஓட்டுவதற்கு மதிப்பெண் கிடையாது. இதைவிட வலுவான மறுப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. புதுக்கோட்டை அறிவொளியை ஆராய்ந்த மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடியின் நூல் 2013இல் வந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்குப் பெண்கள் கையொப்பமிட்டுக் கொண்டுசென்ற மனுக்களை அவர் ஆராய்கிறார். மனுவுக்கென்று ஓர் அமைப்பு உண்டு, பணிந்து கேட்கும் ஒரு நடை உண்டு. கையொப்பம் போடப் பழகிய கை, அரசு எதிர்பார்க்கும் அந்தப் பணிவையும் சேர்த்தே பழகுகிறது. செயல் முந்தும் என்ற என் கட்சியை இது உண்மையாகவே அசைக்கிறது. செயல் முந்தினால் போதாது, அந்தச் செயல் செய்தவரின் கண்முன் என்ன பலனைக் கொண்டுவந்தது என்பதும் சேர வேண்டும் என்று இப்போது ஏற்றுக்கொள்கிறேன். மேசையிலேயே தங்கிவிட்ட மனு ஒன்றைக் கற்பிக்கிறது, குடிநீர்க் குழாயைக் கொண்டுவந்த மனு வேறொன்றைக் கற்பிக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆசிரியர்கள் வருகிறார்கள். ஆசிரியர் மாற்றத்துக்குக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் முன்வைத்த வரிசை நமக்குத் தெரியும்: பயிற்சி, அதனால் வகுப்பறை நடைமுறையில் மாற்றம், அதனால் மாணவர் கற்றலில் மாற்றம், கடைசியாக ஆசிரியரின் நம்பிக்கையில் மாற்றம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த செயல்வழிக் கற்றலை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும். அதன் வித்து ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து வந்தது. முதலில் இறங்கிய ஆசிரியர்கள் அங்கே போய், அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்டு பிள்ளைகள் தாமே படிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறகு நாற்காலி ஓரம் போனது. பாயில் ஆசிரியர், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் எழுதியதும் வரைந்ததும் தொங்கும் கம்பிப் பந்தல். நிலைமாற்றம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது விளங்கும். தரையில் அமர்ந்த ஆசிரியருக்கு வகுப்பின் கடைசி வரிசை என்று ஒன்று இல்லாமல் போகிறது. அதுவரை அந்த வரிசையிலேயே இருந்துவிட்ட குழந்தையின் முகம் எதிரே தெரிகிறது.

அப்படியானால் ஆணையிட்டே ஆசிரியர்களை மாற்றிவிடலாமா என்று கேட்கலாம். முடியாது. விரிவாக்கத்தின் அனுபவம் அதைத்தான் சொல்கிறது. ரிஷிவேலியைக் கண்டவர்கள் சிலர். சுற்றறிக்கையில் படித்தவர்கள் பல்லாயிரம். ஆணையால் தரையில் உட்கார வைத்துவிடலாம். தன் வகுப்புப் பிள்ளை படிப்பதைத் தானே கண்டறியும் கால அவகாசத்தை ஆணை தராது. அந்த அவகாசம் கிடைக்காத இடங்களில் அட்டைகள் தட்டுகளில் இருந்தன, பழைய கற்பித்தலும் அப்படியே இருந்தது. இது செயல் முந்துவதற்கு எதிரான சான்று ஆகாது. செயலுக்கும் பலனுக்கும் இடையில் உள்ள கண்ணி அறுந்ததற்கான சான்று.

இன்றைய பணியிடைப் பயிற்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள். மாநிலக் கருத்தாளரிடமிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும் கருத்து இறங்குகிறது. கடைசி நாள் மாலை நான்கு மணிக்குப் பின்னூட்டப் படிவம் வருகிறது. இப்பயிற்சி உங்கள் பார்வையை மாற்றியதா என்று அதில் ஒரு கேள்வி. எல்லோரும் ‘ஆம்’ என்று எழுதுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வகுப்பறைக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். கஸ்கியின் வரிசையில் கடைசியாக வரவேண்டியதை நாம் முதலிலேயே கேட்டு, பதிலை அறிக்கையாக அனுப்பிவிடுகிறோம். நிலைமாற்றக் கற்றல் என்று நாம் சொல்வது வெறும் நல்ல கற்றல்தானே என்று மைக்கேல் நியூமன் 2012இல் கேட்டார். இப்படிப்பட்ட படிவங்களை நம்பி எழுதப்படும் கட்டுரைகளைப் பார்க்கும்போது அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். ஒரு செயலையும் அதன் பலனையும் தேதியோடு காட்டும் கட்டுரைகளுக்கு அது பொருந்தாது.

எனவே ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கான பின்னூட்டத்தைக் கடைசி நாளில் வாங்காமல், ஆசிரியர் வகுப்பறைக்குத் திரும்பி ஒரு பருவம் கழிந்தபின் வாங்க வேண்டும். பார்வை மாறியதா என்று கேட்காமல், எதைச் செய்து பார்த்தீர்கள், எந்தப் பிள்ளையிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்க வேண்டும். இதை ஒரு தீர்மானமாக நாளை மாலைப் பொது அமர்வில் நானே முன்மொழிய இருக்கிறேன். மறுப்பவர்கள் தங்கள் வாதங்களை இன்றைய அமர்வுகளிலேயே வைக்க வேண்டுகிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.